டெல்லிக் குளிரில் பேண்ட் வாசிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

சென்னைப் பள்ளிகளிலிருந்து ஜனவரியில் டெல்லிக்கு பேண்ட் வாசிக்கப் போகும் பிள்ளைகளைப் பழக்கி அனுப்புவதுதான் இப்போது என் வேலை. என்சிசி குடியரசு தின முகாமுக்குப் போகிறவர்கள் உண்டு, பள்ளி பேண்டுகளுக்கான தேசியப் போட்டிக்குப் போகிறவர்களும் உண்டு. அதற்கு முன்னால் நான் ராணுவ பேண்டில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊது வாத்தியம் வாசித்தவன். நீலகிரி வெலிங்டனில் தொடங்கி, மத்தியப் பிரதேசம் பச்மரியில் உள்ள ராணுவ இசைப் பிரிவில் படித்து, டெல்லி, அப்புறம் லடாக்கில் உள்ள லே என்று போனது என் சர்வீஸ். மைனஸ் பத்துக்குக் கீழே பனித்தரையில் நின்றும் வாசித்திருக்கிறேன். டிசம்பர் பிறந்ததும் பெற்றோரும் பேண்ட் மாஸ்டர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிரில் வாசிப்பது பெரிய கஷ்டமில்லை. ஊத ஆரம்பித்துவிட்டால் மூச்சுச் சூட்டில் குழாய் சூடாகிவிடும், காலை அடித்து நடந்தால் உடம்பும் சூடாகிவிடும். ஆளையும் வாத்தியத்தையும் பாடுபடுத்துவது அதற்கு முன்னால் நிற்கிற நேரம்தான். குடியரசு தினத்தன்று அணிவகுப்பு தொடங்குவது காலை பத்தரை மணி வாக்கில். ஆனால் வாசிக்கப் போகிறவர்கள் இருட்டிலேயே எழுந்து, பஸ் ஏறி, பாதுகாப்புச் சோதனை முடித்து, அணிவகுப்பு நடக்கும் கடமைப் பாதைப் பக்கம் தங்களுக்குக் குறித்த இடத்தில் வந்து நின்றாக வேண்டும். மூடுபனி கண்ணை மறைக்கும், தரையிலிருந்து குளிர் பூட்ஸுக்குள் ஏறும். அத்தனை நேரம் நின்ற பிறகு கொடி ஏறும், 21 பீரங்கிக் குண்டு முழக்கத்தோடு தேசிய கீதம். 52 விநாடி. வார்ம் அப் கிடையாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. நாட்டிலேயே பிசகக் கூடாத பாட்டை, வாத்தியம் மிக மோசமான நிலையில் இருக்கிற நேரத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது. குளிருக்கான தயாரிப்பு முழுவதும் அந்த 52 விநாடியை நினைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

1941 நவம்பர் 7 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்த அணிவகுப்பைப் பற்றி பேண்டுக்காரர்களிடையே ஒரு கதை உண்டு. ஜெர்மன் படை நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம், பனி கொட்டுகிறது. கூட்டு பேண்டை நடத்தியவர் வசீலி அகாப்கின். மேடையில் நின்றபடியே நடத்தியதில் அவருடைய பூட்ஸ் பலகையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது, முடிந்ததும் இறங்க முடியாமல் பக்கத்தில் இருந்தவர்கள் வந்துதான் விடுவித்தார்கள் என்பார்கள். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது, கால் அசையவில்லை. அசையாத பாகத்தைத்தான் குளிர் பிடிக்கும். சுரம் மாற்ற விரலால் அழுத்துகிற வால்வானாலும் சரி, கால்விரலானாலும் சரி.

இனி சுருதி விஷயம். குளிரில் உலோகம் சுருங்கும், குழாய் சின்னதாகும், ஆகவே சுருதி ஏறும் என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவர்கள் நிறைய. நடப்பது நேர் எதிர். ஒரு ட்ரம்பெட்டின் குழாயை நீட்டி வைத்தால் சுமார் ஒன்றரை மீட்டர் வரும். 20 டிகிரி குறைந்தால் அந்தப் பித்தளை சுருங்குவது அரை மில்லிமீட்டர் அளவுதான், அது கணக்கிலேயே வராது. மாறுவது உள்ளே இருக்கிற காற்று. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி காற்றில் விநாடிக்கு 343 மீட்டர் போகும், பூஜ்ஜியத்தில் 331 மீட்டர்தான். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். அந்த 20 டிகிரிக்கு ஒரு செமிடோனில், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள மிகச் சின்ன இடைவெளியில், பாதிக்கும் மேலேயே இறங்கிவிடும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி இறங்கினாலாவது பரவாயில்லை. கார்னெட், ட்ரம்பெட் மாதிரிச் சின்ன வாத்தியங்கள் நாலு மூச்சில் சூடேறி மேலே வந்துவிடும். ட்யூபாவின் நீண்ட குழாய் சூடேற எவ்வளவோ நேரம் பிடிக்கும், அது கீழேயே நிற்கும். கோலால் தட்டி வாசிக்கிற பெல் லைராவின் உலோகத் தகடுகள் காற்றை நம்பி ஒலிப்பவை அல்ல, அவை இருந்த இடத்திலேயே இருக்கும், சொல்லப்போனால் துளி ஏறும். ஆக ஒரே பேண்டுக்குள் மூன்று சுருதி. கேட்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும், பிள்ளைகளோ தாங்கள் மோசமாக வாசிக்கிறோம் என்று நினைத்து இன்னும் அழுத்தி ஊதுவார்கள். அழுத்தினால் குளிரில் உதடு சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது சென்னையிலேயே ஆரம்பமாகிறது. நம் ஊர் வெயிலில் சுருதி ஏறி நிற்பதால் சுருதி சேர்க்க நகர்த்துகிற குழாய்த் துண்டான ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துத்தான் வாசிப்போம். டெல்லியில் அதை உள்ளே தள்ள வேண்டும். ஆனால் கடற்காற்று பட்ட பள்ளி வாத்தியங்களில் பாதிக்கு ஸ்லைடு களிம்பேறி இறுகிப்போய் இருக்கும், யாரும் வருஷக்கணக்கில் அசைத்திருக்க மாட்டார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லா ஸ்லைடும் கழன்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பலம் போட்டு இழுக்காமல் பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள். சுத்தம் செய்து ஸ்லைடு கிரீஸ் பூசி வைத்தால் டெல்லியில் விரலால் தள்ளிக்கொள்ளலாம். அங்கே போனபின் அறைக்குள் சுருதி சேர்த்துவிட்டு வெளியே போகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியே குளிரில் நின்று, ஊதிச் சூடேற்றி, ட்யூபாவுக்கு மற்றவர்கள் இறங்கி வருகிற மாதிரி சேர்ப்பதுதான் நிற்கும். பெல் லைராவை அந்தப் பாட்டுகளில் குறைத்து வாசிக்கச் சொல்வேன், தேசிய கீதத்தில் தொடவே விடமாட்டேன்.

அடுத்தது வால்வு. மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகும். டெல்லியில் அது நீராகவே இருந்து கொடகொடவென்று சத்தம் போடும், லேயில் உறைந்துவிடும். வால்வுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவில் முடி நுழையாத இடைவெளிதான். அதில் பனி பிடித்தால் வால்வு அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். லேயில் எங்கள் பேண்ட் மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னது, "தம்பி, ஊதாத நேரத்திலும் ஊது" என்பதுதான். சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மூன்று விரல்களும் வால்வை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். யூஃபோனியத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதால் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது, வால்வுப் பகுதி உடம்புச் சூட்டிலேயே இருக்கும். ட்ரம்பெட்காரர்கள் அதை அக்குளில் வைத்துக்கொள்வார்கள். இது கவாத்துக்கு அழகில்லை என்று சில அதிகாரிகள் நினைப்பார்கள். கட்டளை வரும்வரை அனுமதி கேட்டு வாங்கிக்கொள்வது பேண்ட் மாஸ்டரின் பொறுப்பு. கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

எண்ணெய் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வால்வு ஆயில் தீர்ந்தால் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது, தையல் மெஷின் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பிக்கும். நம் ஊரில் மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டெல்லியில் அது வால்வுக்குள்ளேயே மெழுகாக இறுகிவிடும். புறப்படும் முன் எல்லா வால்வையும் கழற்றி, இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மெல்லிய சிந்தெடிக் வால்வு ஆயில் மட்டும் விடுங்கள். பிள்ளைகளின் பையிலேயே ஆளுக்கொரு சின்ன பாட்டில் இருக்கட்டும். சில நாடுகளில் உறையாமல் இருக்க வால்வில் சாராயம் விடுவார்கள். அது கொஞ்ச நேரம் வேலை செய்யும், ஆனால் எண்ணெயைக் கழுவிவிடும். டெல்லிக்கு அது தேவையே இல்லை.

மௌத்பீஸை வாத்தியத்தில் மாட்டி வைத்துக் காத்திருக்கக் கூடாது. உள் சட்டைப் பையிலோ மூடிய கைக்குள்ளோ இருக்கட்டும். உறைநிலைக்குக் கீழே ஈர உதடு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் பிய்யும். லேயில் அதற்காகவே பிளாஸ்டிக் மௌத்பீஸ் வைத்திருந்தோம். ஓசை கொஞ்சம் மங்கும், உதடு தப்பிக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு மௌத்பீஸ் வாங்க வசதியிருந்தால் ஒன்று பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வெடித்த உதட்டுக்கு இரவில் வாசலின் போடலாம். வாசிக்கும் முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மௌத்பீஸ் வழுக்கும்.

மர வாத்தியங்களை வெளியே கொண்டு போகாதீர்கள். கிளாரினெட்டின் உள்பக்கம் மூச்சில் சூடாகி விரியும், வெளிப்பக்கம் குளிரில் சுருங்கும், மரம் விரிசல் விடும். பேக்பைப்பில் பாட்டு வாசிக்கிற குழலான சேண்டருக்கும், சுருதி பிடிக்கிற குழலான ட்ரோனுக்கும் இதே கதிதான். பிளாஸ்டிக் கிளாரினெட்டும் பாலிமர் சேண்டரும் குறைந்த விலையில் கிடைக்கின்றன, வெளிக்கவாத்துக்கு அவை போதும். நாகஸ்வரக்காரர்கள் சீவாளியை வாயில் வைத்துப் பதப்படுத்திக்கொள்வது போல, கிளாரினெட் பிள்ளைகள் கட்டளை வருவதற்குச் சற்று முன் ரீடை வாயில் வைத்து நனைத்துக்கொள்ளலாம். ரொம்ப முன்னாலேயே நனைத்தால் அது குளிர்ந்து விறைத்துவிடும். பேக்பைப்பில் ஈரம்தான் பெரிய தொந்தரவு, தண்ணீர் ரீடுக்குப் போகாமல் பைக்குள் வாட்டர் ட்ராப் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரம்முக்குப் பிரச்சினை குறைவு. பிளாஸ்டிக் தோல் குளிரில் முறுகும், கூடுதலாக இறுக்கி வைத்தால் கிழியும், அவ்வளவுதான். குளிர் எல்லை மீறும்போது காற்று வாத்தியங்களை நிறுத்திவிட்டு ட்ரம்மை மட்டும் அடிக்கவிடுகிற வழக்கம் சில நாட்டு ராணுவங்களில் இருக்கிறது. அதனால் நான் என் பிள்ளைகளுக்கு ட்ரம் மட்டும் வைத்து முழு நடையையும் முடிக்கவும் பழக்குகிறேன். நடுவில் எத்தனை வால்வு நின்றாலும் கால் நிற்கக் கூடாது.

உடம்பைப் பற்றி அம்மாக்கள் கேட்பதுதான் அதிகம். போன முறை ஒரு அம்மா, "மாஸ்டர், தம்பிக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, அனுப்பலாமா?" என்று கேட்டார். "முதல்ல டாக்டரைப் பாருங்கம்மா. அவர் சரின்னு சொன்னா, இன்ஹேலரைப் பெட்டியில வைக்காதீங்க, அவன் சட்டைப் பையில வைங்க" என்றேன். குளிர்ந்த வறண்ட காற்றை ஆழமாக இழுத்து ஊதும்போது வீசிங் கிளம்ப வாய்ப்பு அதிகம். இன்ஹேலர் அவன் கையில் இருக்க வேண்டும், கூடப் போகிற ஆசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

உடுப்பு என்றதும் எல்லோரும் தடிமனான ஒரு ஸ்வெட்டர் வாங்கிவிடுகிறார்கள். அதை யூனிஃபார்முக்குள் போட முடியாது. மெல்லிய தெர்மல் இன்னர் மேலும் கீழும் இரண்டு ஜோடி போதும். பருத்திப் பனியன் மட்டும் வேண்டாம், அது வேர்வையைக் குடித்து ஈரமாகி, நிற்கும்போது முதுகை உறைய வைக்கும். குளிர்காலத்தில் சென்னைக்கு வந்து கடை போடும் திபெத்திய வியாபாரிகளிடம் கம்பளி சாக்ஸ், கையுறை எல்லாம் நியாயமான விலைக்குக் கிடைக்கும். சாக்ஸ் இரண்டு போட்டு பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். அதனால் பூட்ஸை ஒரு அளவு பெரிதாக வாங்கி, அதைப் போட்டே சென்னையில் கவாத்து பழகட்டும். நிற்கிற இடத்தில் காலுக்கடியில் அட்டையோ மடித்த செய்தித்தாளோ போட்டு நின்றால் பெரிய வித்தியாசம் தெரியும். பூட்ஸுக்குள் விரலை மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலைப் பூட்டி நிற்கவே கூடாது, மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் அப்படி நிற்பவர்கள்தான்.

தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும் என்று பயந்து பிள்ளைகள் முந்தின இரவிலிருந்தே குடிக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகள் இதை ரொம்பவே செய்கிறார்கள், அது அவர்கள் குற்றமில்லை. கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போகலாம் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களிடம் சொல்லிவிட்டால் குடிப்பார்கள். உடம்பு வறண்டால் மயக்கமும் வரும், உதடும் வெடிக்கும். காலையில் வெறும் டீயோடு கிளம்பவும் விடாதீர்கள். வயிற்றில் சாப்பாடு இருந்தால்தான் உடம்பு சூட்டை உண்டாக்கும்.

டெல்லிக் குளிரில் விரல் சிவந்து வீங்கி அரிப்பெடுக்கும். அதைப் பார்த்ததும் நேராக ஹீட்டர் மேல் கையை நீட்டுவார்கள், அது இன்னும் மோசமாக்கும். மெதுவாக, துணிக்குள்ளோ அக்குளுக்குள்ளோ வைத்துச் சூடேற்ற வேண்டும். லே மாதிரி இடங்களில் விரல்நுனியோ காதுமடலோ வெளுத்து மரத்துப்போனால் அது பனிக்கடியின், அதாவது குளிரில் சதையே உறைவதன் ஆரம்பம். தேய்க்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று, தங்கும் அறையில் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க யாரையும் விடாதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இதனால் ஆட்கள் சாகிறார்கள்.

லேயைப் பற்றி ஒரு வார்த்தை. 11,500 அடி உயரம், நமக்குப் பழகிய காற்றில் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம்தான். ராணுவத்தில் அந்த உயரத்துக்குப் போனால் முதல் ஆறு நாள் உடம்பு பழகுவதற்கென்றே ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் ஊத நினைக்கக் கூடாது. சமவெளியில் ஒரே மூச்சில் முடிக்கிற வரியை அங்கே இரண்டாக உடைத்தோம், பக்கத்துக்காரன் மூச்சு எடுக்கும்போது நாம் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தோம். இந்த மாற்று மூச்சை டெல்லிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், உறைந்த காற்றை ஆழமாக இழுக்கிற கட்டாயம் அதில் குறைகிறது.

சில நேரம் வாசிக்காமல் இருப்பதுதான் சரி. 1985 ஜனவரி 21 அன்று வாஷிங்டனில் ரீகனின் இரண்டாவது பதவியேற்பு அணிவகுப்பை ரத்து செய்தார்கள். நண்பகலிலேயே சுமார் மைனஸ் 14 டிகிரி. பல மாநிலங்களிலிருந்து பள்ளி பேண்டுகள் மாதக்கணக்கில் பழகி வந்திருந்தன. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு ஏமாந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த முடிவு சரி என்பேன். 2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவின் பதவியேற்பில் வயலின், செல்லோ வாசித்த பெரிய கலைஞர்கள் முன்பே பதிவு செய்த இசையோடு சேர்ந்துதான் வில் போட்டார்கள். அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. தந்தி வாத்தியத்தை மூச்சால் சூடேற்ற முடியாது, தந்தி குளிரில் நிலையாக நிற்காது, அவர்கள் செய்ததில் தவறே இல்லை. அதே மேடைக்குப் பக்கத்தில் அமெரிக்க மரைன் பேண்ட் நேரடியாக வாசித்தது. அது மூச்சு வாத்தியம், குளிருக்கென்றே பழகிய ஆட்கள்.

சரி, 22 டிகிரிக்கே மஃப்ளர் சுற்றுகிற சென்னையில் டெல்லிக் குளிரை எப்படிப் பழக்குவது? ஏசி அறையில் வைத்துப் பழக்கலாமா என்று கேட்கிறார்கள். குளிரை இங்கே கொண்டுவர முடியாது, காத்திருப்பைக் கொண்டுவரலாம். விடிகாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஃபால் இன். ஒரு மணி நேரம் வாத்தியத்தோடு நிற்க வேண்டும். மௌத்பீஸ் பையில், விரல் வால்வில், சத்தமில்லாத மூச்சு உள்ளே. எப்போது கட்டளை வரும் என்று சொல்ல மாட்டேன். திடீரென்று கட்டளை, உடனே தேசிய கீதம், வார்ம் அப் இல்லாமல். முதல் வாரம் கேட்கவே முடியாது. மூன்றாவது வாரத்தில் முதல் சுரமே நேராக வந்து நிற்கும். விரல்நுனி வெட்டிய மெல்லிய கையுறையோடும் வாசிக்கப் பழக்குகிறேன், வால்வின் தலை கைக்குத் தெரிய வேண்டும். பிஸ்டன் நின்றுவிட்டால் அந்த வாத்தியக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு வாத்தியத்தைத் தூக்கிய நிலையிலேயே நிற்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்வார். இதற்காக ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் ஜான்சி தாண்டிய பிறகு ஜன்னலோரம் சில்லிட ஆரம்பிக்கும். வாத்தியப் பெட்டிகளைக் கதவோரம் வைக்காமல் பெர்த்துக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் வாசித்து முடித்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, உள்ளே துணி விட்டுத் துடைத்த பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். சூடான அறைக்குள் கொண்டுபோனதும் பெட்டியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பித்தளையில் அறைக்காற்றின் ஈரம் படிந்து வழியும். ஒரு மணி நேரம் மூடியபடியே இருந்தால் வாத்தியம் தானாக அறைச் சூட்டுக்கு வந்துவிடும். ஹீட்டர் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம். திரும்பி வரும்போதும் இதேதான். ஏசி பெட்டியிலிருந்து சென்ட்ரலில் இறங்கியதும் புழுக்கம் சுற்றிக்கொள்ளும். வரவேற்க வந்தவர்களுக்காகப் பிளாட்பாரத்திலேயே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் ஆசையாகத்தான் இருக்கும். பெட்டியைத் திறக்காமல் பள்ளிக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் வாசிக்கட்டும்.